சுத்தமா நிக்கிற வரைக்கும்

பல்லைப் பிடுங்கினால் ரத்தம் வரும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், பல்லைப் பிடுங்கிக்கொண்டவருக்கு மட்டும் தெரியாது. நாற்காலியை விட்டு இறங்கிக் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்ததும், வாட்டசாட்டமான ஆள்கூட முகம் வெளிறி உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்காருகிறவர்களைத் தட்டிக்கொடுத்து, வாயில் பஞ்சை வைத்து, நாலு வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்புவதுதான் பஞ்சக்காவின் வேலை.

அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பல் மருத்துவமனைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. பஞ்சு வைக்கிற அக்கா என்று சொல்லிச் சொல்லி, டாக்டர்கூட இப்போது பஞ்சக்கா என்றுதான் கூப்பிடுகிறார். டாக்டர் கெட்டிக்காரப் பெண், கை பட்டதே தெரியாமல் பல்லை எடுப்பார். ஆனால் எடுத்த பிறகு பேச அவருக்குப் பொறுமை கிடையாது. கையுறையைக் கழற்றும்போதே, "பஞ்சக்கா, சொல்லிடு" என்று அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

பஞ்சக்கா சொல்லிவிடுவாள். கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்று, கொறடுகளைத் தேய்த்தபடியே, ஆள் முகத்தைப் பார்க்காமல், ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். "பஞ்சை நல்லா கடிச்சுக்கோங்க, முக்கால் மணி நேரம் எடுக்காதீங்க. பேசாதீங்க. துப்பாதீங்க, கொப்பளிக்காதீங்க, எச்சிலை விழுங்கிடுங்க. உறிஞ்சிக் குடிக்காதீங்க. நாக்கால நோண்டாதீங்க. ரத்தம் சுத்தமா நிக்கிற வரைக்கும் வாயில எதுவும் போடாதீங்க."

இந்தக் கடைசி வாக்கியம் டாக்டர் சொல்லிக்கொடுத்ததல்ல. அவளே சேர்த்தது. ஒரு லாரி ஓட்டுநர் பல் எடுத்த குழிக்குள் புகையிலையைத் திணித்துக்கொண்டு மறுநாள் வந்து நின்றார். அதற்கடுத்த மாதம் ஒரு டீச்சர் காப்பித்தூளை அடைத்துக்கொண்டு வந்தார். இதென்ன கூத்து என்று தலையில் அடித்துக்கொண்டுதான் பஞ்சக்கா அந்த வாக்கியத்தைச் சேர்த்தாள். அதன் பிறகு புகையிலையும் வரவில்லை, காப்பித்தூளும் வரவில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. டாக்டர் போடும் ஊசியில் மரத்துப்போவது நோயாளியின் தாடை. பத்தொன்பது வருஷத்தில் மரத்துப்போனது பஞ்சக்காவின் வாய். சொல்வது என்ன என்று அவள் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

பூட்டுக்காரர் பல் எடுக்க வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில்.

கடைவீதியில் சாவி செய்து, பூட்டு பழுதுபார்த்துப் பிழைக்கும் மனிதர். வயது அறுபத்தொன்று. ஆறு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் வேறொன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது ஒவ்வொரு துடிப்புக்கும் டிக் டிக் என்று சத்தம் போடும். அமைதியான அறையில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். "பாத்தியா தங்கச்சி, பூட்டுக்காரனுக்குள்ளயே பூட்டைப் போட்டுட்டாங்க. சாவி மட்டும் என்கிட்ட இல்லை" என்று முதல் தடவை வந்தபோதே பஞ்சக்காவிடம் சொல்லிச் சிரித்தார். அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டாள்.

உள்ளே உலோகம் இருப்பதால் அதன்மேல் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக அவர் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரை இருந்தால் ரத்தம் சீக்கிரம் உறையாது, பல் எடுத்தால் நிற்க நேரமாகும். இதையெல்லாம் டாக்டர் இரண்டு வாரத்துக்கு முன்பே உட்காரவைத்து விளக்கியிருந்தார். இதய மருத்துவரிடம் கேட்டு, ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, ரத்தத்தை நான் தையல் போட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். கூட வந்த மனைவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், இன்னும் பார்க்கிறவர். துவைப்பது அவர் வேலையில்லை. துவைத்து வந்த படுக்கைவிரிப்புகளை விளக்கடியில் விரித்து, கறை இருக்கிறதா என்று பார்ப்பது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் நிழல் அவர் கண்ணுக்குத் தெரியும். இருந்தால் திரும்பப் போகும், இல்லாவிட்டால் 'சுத்தம்' என்று சீட்டு ஒட்டுவார். கிட்டத்தட்ட சுத்தம் என்று அவர் அகராதியில் ஒன்று இல்லை. மருத்துவமனையில் அவரைச் சலவையம்மா என்றார்கள்.

பல் சுலபமாக வந்தது. டாக்டர் இரண்டு தையல் போட்டார். பஞ்சக்கா குனிந்து எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தபோது, அவள் காதுக்குக் கீழே அந்த டிக் டிக் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு டாக்டர் கையுறையைக் கழற்றினார். பஞ்சக்கா கொறடுகளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினாள், பாடத்தை ஒப்பித்தாள்.

சலவையம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "சாப்பாடு, சிஸ்டர்?" என்றார்.

ஆறினதாக, குழைவாக, மறுபக்கம் மென்று சாப்பிடலாம் என்றாள் பஞ்சக்கா. சலவையம்மா வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டதற்குச் சாப்பாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று பதில் கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் 'எதுவும்' என்பதற்குள் அடங்கிவிட்டது. மாத்திரையைச் சாப்பிடுவது என்றா சொல்கிறோம்? போடுவது என்றுதானே சொல்கிறோம். மாத்திரை போட்டாச்சா, போட்டாச்சு. வாயில எதுவும் போடாதீங்க என்று சொன்னால் ஒரு மனுஷி என்னத்தை நினைப்பாள்?

பஞ்சக்கா அன்றைக்கு இதையெல்லாம் நினைக்கவில்லை. அடுத்த ஆளுக்குத் துண்டு கட்டப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் சலவையம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். ரத்தம் இன்னும் நிற்கவில்லை என்றார். எவ்வளவு வருகிறது, வாய் நிறைந்து வழிகிறதா என்று பஞ்சக்கா கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை, காலையில் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து ஒற்றிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டுகிறது என்றார். பஞ்சக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது எச்சிலம்மா, ஒரு துளி ரத்தம் இருந்தாலும் எச்சில் முழுக்கச் சிவந்து போகும், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். பிறகு வழக்கம்போல, நான் சொன்னபடிதானே செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஆமா சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே, எதுவும் போடலை."

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. அப்படியே இருங்க. எட்டாம் நாள் தையல் பிரிக்க வாங்க."

இந்த இரண்டு வரிப் பேச்சைப் பஞ்சக்கா பிறகு எத்தனை ஆயிரம் தடவை தனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று சொல்ல முடியாது. 'என்னத்தைப் போடலை?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது. அவளுக்குத் தோன்றியதெல்லாம், பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரு ஆளாவது இருக்கிறாரே என்பதுதான்.

எட்டாம் நாள் இருவரும் வந்தார்கள். பூட்டுக்காரர் ஐந்து படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. சரியான தூக்கமில்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மனைவி சொன்னார். ரத்தம் போனதால் வந்த களைப்பாக இருக்கும் என்று அவரே காரணமும் சொன்னார். பூட்டுக்காரர் பஞ்சக்காவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

சலவையம்மா கைப்பையைத் திறந்து, மடித்த கைக்குட்டைகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். நாளுக்கு ஒன்றாக ஏழு. டாக்டருக்குக் காட்ட வேண்டுமென்று துவைக்காமல் வைத்திருந்தார். முதலாவதில் பெரிய கறை. அடுத்ததில் கொஞ்சம் சிறியது. ஆறாவதில் கடுகளவு, அது இருக்கிறது என்று அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் பஞ்சக்காவுக்குத் தெரிந்தது. ஏழாவது வெள்ளை.

"நேத்துதான் சுத்தமா நின்னுது, சிஸ்டர்" என்றார். அந்த முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த நிம்மதி இருந்தது.

டாக்டர் விளக்கைத் திருப்பி வாயைப் பார்த்தார். புண் அழகாக ஆறியிருக்கிறது, இவ்வளவு சுத்தமாக ஆறி நான் பார்த்ததில்லை என்றார். பஞ்சக்கா குழாயோடு குனிந்தாள். கத்தரி நூலை வெட்டியது. குழாய் இழுக்கும் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை.

வேறு சத்தம் இல்லை என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னும் தாழ்வாகக் குனிந்தாள். அவருடைய சட்டைப் பொத்தான் அவள் காதில் உரசியது. மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் எங்கோ, கனமான துணியைப் போட்டு மூடியதுபோல ஒரு மங்கலான இடிப்பு மட்டும் இருந்தது. டிக் டிக் இல்லை.

அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"அம்மா, அண்ணன் மாத்திரை போட்டாரா?"

"எந்த மாத்திரை? அதையா?" சலவையம்மா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து ஒன்றும் உடைக்கப்படவில்லை. டாக்டர் வலிக்குக் கொடுத்த அட்டையும் கூடவே அப்படியே இருந்தது. "நீங்கதானே ரத்தம் சுத்தமா நிக்கிற வரைக்கும் எதுவும் போடக் கூடாதுன்னு சொன்னீங்க. நேத்தே போட்டிருப்பேன். நாளைக்கு எப்படியும் போறோமே, கேட்டுட்டே போடலாம்னு இருந்துட்டேன்."

பூட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முதலில் புரிந்தது என்றுதான் பஞ்சக்கா நினைக்கிறாள். வாழ்நாளெல்லாம் பூட்டுக்குள் காதை வைத்துக் கேட்டவர். தன் நெஞ்சில் சத்தம் அடங்கியதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்? அவர் மனைவியின் கையைப் பிடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. பெரிய மருத்துவமனையில் வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள், கரைக்கப் பார்க்கிறோம் என்றார்கள். மறுநாள் மத்தியானம் அவர் போய்விட்டார்.

செய்தி வந்ததும் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பஞ்சக்காவை உட்காரச் சொன்னார். நோயாளிச் சீட்டை எடுத்துக் காட்டினார். மாத்திரையைத் தொடர வேண்டும் என்று அவர் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நம் பக்கம் தவறில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறோம், நீ போய் யாரிடமும் எதையும் சொல்லிக்கொண்டிருக்காதே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அந்தச் சீட்டில் டாக்டர் சொன்னது எழுதியிருந்தது, பஞ்சக்கா சொன்னது எங்கும் எழுதியில்லை. அவள் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் இப்போது இல்லை.

அதன் பிறகு அவளால் பாடம் சொல்ல முடியவில்லை. பஞ்சைக் கடிங்க என்று ஆரம்பிப்பாள், 'ரத்தம்' என்ற சொல் வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் ஒரு தாளில் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்தார். வழக்கமாகப் போடும் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம் என்று அதில் தடித்த எழுத்தில் முதல் வரி. பஞ்சக்கா அதை எடுத்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். வீட்டில் சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு உனக்கு என்று கணவன் கேட்டால், பல்வலி என்றாள்.

கடைவீதியில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. சாவிக் கடைக்கு எதிரில் இருந்த தேநீர்க்கடைக்காரர்தான் அவளிடம் சொன்னார். பெரிய டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் அந்த அம்மா எட்டு நாள் மாத்திரை கொடுக்கவில்லையாம். மகன் வெளியூரிலிருந்து வந்தவன், பெரிய மருத்துவமனை வராந்தாவில் எல்லோர் முன்னாலும், நீதான் அப்பாவைக் கொன்னே என்று சொல்லிவிட்டானாம். காரியம் முடிந்த கையோடு புறப்பட்டுப் போனவன், அம்மாவோடு பேசுவதில்லையாம்.

பஞ்சக்கா அன்றைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போனாள்.

சின்ன அடுக்குமாடி வீடு. சுவரில் ஆணி அடித்து விதவிதமான பழைய சாவிகளை மாட்டியிருந்தார்கள். சலவையம்மா கதவைத் திறந்து, வாங்க சிஸ்டர் என்று நாற்காலியில் போட்டிருந்த துணிகளை ஒதுக்கினார். கோபமாக இருப்பார் என்று பஞ்சக்கா எதிர்பார்த்து வந்திருந்தாள். கோபம் இருந்தால் தேவலை என்று ஏங்கித்தான் வந்திருந்தாள். அது இல்லை. வீடு தேடி வந்திருக்கிறீர்களே என்று அவர் தழுதழுத்தார்.

"ஆறாம் நாளே அந்தச் சத்தம் குறைஞ்சுபோச்சு, சிஸ்டர்" என்றார். "ஆறு வருஷமா பக்கத்துல கேட்டுக்கிட்டே தூங்கினவ நான். அன்னிக்குக் கேக்கலை. ரத்தம் நிக்குது, நெஞ்சும் அமைதியாகுதுன்னு நானே சந்தோஷப்பட்டேன். நீங்க சொன்னதை நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். டாக்டர் அத்தனை சொன்னாங்களே, நிறுத்தாதேன்னு. எப்படி மறந்தேன்னே தெரியலை."

மறக்கவில்லை என்றாள் பஞ்சக்கா. நீங்கள் மறக்கவே இல்லை, நான் கடைசியாகச் சொன்னதைச் செய்தீர்கள், நான் சொன்னது புகையிலையை, காப்பித்தூளை, அதை நான் சொல்லவில்லை, வெறுமனே எதுவும் என்று சொன்னேன், தப்பு என்னுடையது என்றாள். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. முதல் முறையாக ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

சலவையம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல மனசு உங்களுக்கு. எனக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்காதீங்க."

"மூணாம் நாள் போன் பண்ணீங்களேம்மா. நான் சொன்னபடி செய்றீங்களான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

சலவையம்மா யோசித்தார். "எதுவும் போடலைன்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிறகு அது மெல்லப் பின்னால் போனது.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கன்னு சொன்னீங்க" என்றார் சலவையம்மா.

அழவில்லை. திட்டவில்லை. எழுந்து உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை பஞ்சக்கா சுவரிலிருந்த சாவிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தபோது கையில் தொலைபேசி இருந்தது.

"இதை என் மகன்கிட்ட சொல்லுங்க. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான். உங்க போன்ல இருந்து கூப்பிடுங்க. எண்ணைச் சொல்றேன்."

பஞ்சக்கா கூப்பிட்டாள். மகன் எடுத்தான். அவள் தான் யார் என்று சொல்லி, நடந்ததை ஆதியோடந்தமாக, இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். திங்கட்கிழமை தான் சொன்னது, மூன்றாம் நாள் அம்மா தொலைபேசியில் சொன்னது, தான் சொன்ன பதில். நடுவில் அவன் குறுக்கிடவே இல்லை. கேட்கிறான், நம்புகிறான் என்று அவள் நினைத்தாள். எதிரில் சலவையம்மா விளக்கடியில் துணியைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்களா?" என்று கேட்டான் மகன்.

இருக்கிறார் என்றாள்.

"எனக்குத் தெரியும். உங்க டாக்டர்கிட்ட நான் அன்னிக்கே பேசிட்டேன். சீட்டைக் காட்டினாங்க. உங்க ஆஸ்பத்திரியில இருந்து யாரும் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொன்னாங்க. அம்மாதான் அழுது அழுது உங்களை இப்படிச் சொல்ல வச்சிருக்காங்க. பண்றதையும் பண்ணிட்டு, அடுத்தவங்க மேல பழியைப் போடறாங்க பாருங்க. இதுக்காக இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அவன் வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மணியும் அடிக்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்றார் சலவையம்மா.

பஞ்சக்கா தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். தொண்டைக்குள் வார்த்தைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் இந்த அம்மா அதை அப்படியே, ஒரு எழுத்து பிசகாமல், கடைசிவரை வைத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எதுவும் சொல்லலைம்மா" என்றாள்.

சலவையம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, அவன் எப்போது கூப்பிட்டாலும் எடுக்க வசதியாக, தன் தொலைபேசியை நாற்காலியின் கைப்பிடிமேல் நேராக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.